எங்கட சிங்கில் அசிட் ஊத்த ஏலாது

நேற்றுக் காலை குசினிக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. புளித்த கஞ்சி, மீன் செதில், பழைய தேங்காயெண்ணெய் எல்லாம் ஒன்றாய் ஊறிய மணம். சிங்கில் முதல்நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் அப்படியே நின்றது. மேலே ஒரு கறிவேப்பிலை மிதந்தது. யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். எனக்கு உம்முடைய ஞாபகம் வந்தது. இதைச் சொன்னால் நீர் கோபிக்க மாட்டீர் என்று தெரியும். மல்லிகை வாசத்தில் உம்மை நினைத்தேன் என்று எழுதினால்தான் கோபிப்பீர்.

நீர் போய் ஒன்பது மாதமாகிறது. சாம்பல்தீவில் உம்முடைய செத்தவீட்டில் ஆட்கள் கதைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சத்தம் போட்டுக் கதைக்காத பிள்ளை" என்றார் ஒருவர். "ஒருத்தரோடையும் பிரச்சினைக்குப் போகாத மனுசி" என்றார் இன்னொருவர். செத்தவர்களை இப்படித்தான் கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். நீர் பிரச்சினைக்குப் போனவர். பஸ் நடத்துனர்களோடு போனீர், மீன் நிறுக்கிறவரோடு போனீர், என்னோடு வாரத்தில் இரண்டு தரமாவது போனீர். அன்றைக்கு எழும்பி அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராத வாய்க்குப் பதிலாக இந்த மடல்.

பத்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். துறைமுக வீதிக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் குசினிதான் நமது கடை. பெயர்ப்பலகை இல்லாத கடை. துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர்கள், லொறிக்காரர், கந்தோர் உத்தியோகத்தர் எல்லோருக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல். நீர் சாம்பல்தீவிலிருந்து முதல் பஸ்சில் வந்து இறங்குவீர். பதினொன்றரைக்குப் பார்சல் கட்டி முடிய வேண்டும். ஒரே வயதுப் பெண்கள், ஒரே வேலை. ஆனாலும் கடைசிவரைக்கும் "நீர்" என்றுதான் கதைத்துக்கொண்டோம். "நீ எண்டு கூப்பிட்டா நீர் என்ர சொல்லைக் கேக்காம விட்டுடுவீர்" என்று ஒருநாள் சொன்னீர். நீர் என்று கூப்பிட்டும் நான் கேட்டதில்லை. அது வேறு கதை.

நீர் வேலைக்கு வந்த முதல்நாள் உம்முடைய வலது கையைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரைக்கும் தோல் சுருங்கி, மினுங்கி, வேறு நிறமாக இருந்தது. அதற்கு முன் நீர் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவினீர். அங்கே சிங்க் அடைத்தபோது மேற்பார்வைக்காரர் அடைப்பெடுக்கிற தூளைக் கொட்டிவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் போயிருக்கிறார். நீர் வழக்கம்போல வடிதட்டைத் தூக்கக் கையை விட்டிருக்கிறீர்.

"பிறகு என்ன சொன்னவங்கள்?" என்று கேட்டேன்.

"ஏன் கையை விட்டனீர் எண்டு கேட்டவங்கள். பாத்திரம் கழுவுறவள் கையை விடாம வேற என்னத்தை விடுறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். அன்றே ஒரு சட்டமும் போட்டீர். இந்தக் குசினிக்குள் அசிட்டும் வரக்கூடாது, தூளும் வரக்கூடாது. அது உம்முடைய பயம் என்று நான் நினைத்தேன். நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன்.

சட்டம் போட்டவர் வேலையையும் தானே செய்தீர். அடைப்பு வந்தால் முதலில் நிற்கிற தண்ணீரைக் கிண்ணத்தால் அள்ளி வாளியில் ஊற்றுவீர். சிங்கின் மேல்விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஈரத்துணியைத் திணிப்பீர். அதால் காற்றுப் போனால் அமுக்கிற அமுக்கு எல்லாம் வீண் என்பீர். பிறகு பிடி வைத்த றப்பர் கிண்ணத்தை சிங்கின் வாய்மேல் வைத்து, இடைவிடாமல் அமுக்கி இழுப்பீர். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றுவீர். ஒருமுறை நான் கேத்திலோடு கொதிதண்ணீரைக் கொண்டுவந்தபோது தடுத்தீர். "பிளாஸ்ரிக் குழாயின்ர பொருத்து இளகிப்போகும். அடைப்பெடுக்க வந்து ஒழுக்கை வாங்கிறதே?" என் பெறாமகள் தொலைபேசியில் ஏதோ பார்த்துவிட்டு அப்பச்சோடாவும் வினாகிரியும் போடச் சொன்னபோது, போட்டுப் பார்த்தீர். நன்றாக நுரைத்தது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. "பாக்க வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிங்குக்குக் கீழே குந்தினீர்.

கீழே குழாயில் பொருத்தியிருக்கிற கிண்ணம்போன்ற முடிச்சைக் கையாலேயே திருகிக் கழற்றுவீர். அநேகமாக அங்கேதான் எல்லாம் இருக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வெள்ளை மெழுகாகி, அதில் சோற்றுப் பருக்கையும் செதிலும் ஒட்டியிருக்கும். அதையும் தாண்டினால் சைக்கிள் கடையில் வாங்கி, நாலைந்தை நீளமாய் முறுக்கிக் கட்டிய பிறேக் கம்பி. நுனியைப் பிரித்து விரித்து, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுவீர்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை இது எல்லாவற்றையும் செய்தும் தண்ணீர் போகவில்லை. முடிச்சுக்குள் ஒரு கைப்பிடி கொழுப்பு வந்தது. அதை எனக்குக் காட்டி, "இது எங்கட. ஒத்துக்கொள்ள வேணும். இனிக் கஞ்சியை இதுக்குள்ள ஊத்துறேல்ல" என்றீர். ஆனால் கம்பி நெடுந்தூரம் போய், எதிலோ முட்டி நின்றது. மெத்தென்ற கொழுப்பில் முட்டினதுபோல இல்லை. கல்லில் முட்டினதுபோல டக்கென்று நின்றது.

வீட்டுக்காரர் அதே வளவில் மற்ற வீட்டில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வரப்போகும் மகளுக்காகப் பக்கத்தில் புதிதாய் ஓர் அறையும் குளியலறையும் கட்டிக்கொண்டிருந்தார். நாம் கிணற்றடியில் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்கட எண்ணெய்தான் என்ர குழாயை அழிக்குது" என்றார். "நாளைக்கு ஆள் அனுப்புறன். அசிட் ஊத்தினாச் சரிவரும். அதுக்கும் சரிவராட்டி நீங்கள் வேற இடம் பாருங்கோ."

நீர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினீர். "ஐயா, கழிவுத்தண்ணிக் கிடங்குக்கும் இந்தக் கிணத்துக்கும் நடுவில பத்து எட்டு வைக்கிற தூரந்தான் இருக்கு. மூண்டு வீடு இதில குடிக்குது."

"இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"இவ்வளவு காலமும் நான் ஊத்த விடேல்ல, அதுதான் நடக்கேல்ல."

 அவர் போனதும் நான் உம்மிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. "விடும். ஊத்தட்டும். ஒரு போத்தல்தானே. இந்த இடம் போனா எங்க போறது?"

"உமக்குப் பயமோ?"

"ஓம்."

"எனக்கும்தான். அதுக்காக?"

 நீர் பஸ் ஏறிப் போன பிறகு நான் செய்ததை உமக்கு நேரே ஒருநாளும் சொல்லவில்லை. வேலியடியில் வீட்டுக்காரரின் மனைவி நின்றா. நான் போய், "அக்கா, அவதான் பிடிவாதம் பிடிக்கிறா. எனக்கு ஆட்சேபனை இல்லையெண்டு ஐயாட்டச் சொல்லுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத் தேங்காய் உரித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

மறுநாள் நீர் வந்ததும் அடுப்பை மூட்டவில்லை. கதிரையை இழுத்துச் சிங்குக்கு முன்னால் போட்டு இருந்துவிட்டீர். ஏழரைக்கு அந்த மனிதர் வந்தார். கிண்ணியாப் பக்கத்து ஆள், நரைத்த தாடி, குழாய் வேலை செய்கிறவர். கையில் பழுப்பு நிறப் போத்தல்.

"அக்கா, கொஞ்சம் அங்கால இருங்க. இது தெறிச்சாக் கூடாது."

"தெரியும் நாநா. தெறிச்ச ஆள்தான் நான்."

கையை நீட்டிக் காட்டினீர். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்குச் சொன்ன வேலை அக்கா, நான் என்ன செய்யிறது" என்று ஓர் அடி முன்னால் வந்தார். அப்போது நீர் எழும்பி, அதே கையை விரித்துச் சிங்கின் ஓட்டைமேல் வைத்தீர்.

"ஊத்துறதெண்டா இதுக்கு மேல ஊத்துங்கோ."

உரத்த குரலே இல்லை. உப்பு எடுத்துத் தரச் சொல்கிற குரல். நான் அடுப்படியில் நின்று, இன்னும் நெருப்பே வைக்காத பருப்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உமக்குப் பக்கத்தில் வந்து நிற்க நாலு எட்டுக்கூட இல்லை. நான் வரவில்லை.

 அவர் போத்தலைக் கொண்டுபோய் வெளிப்படியில் வைத்துவிட்டு வந்தார். "எனக்கென்னத்துக்கு இந்தப் பாவம்? இத ஊத்தி ஊத்தி எனக்கே இருமல் விடுறல்ல" என்றார். நீர் தேத்தண்ணீர் கொடுத்தீர். குடித்துவிட்டு, "அப்ப என்னதான் செய்யப்போறீங்க?" என்று கேட்டார்.

"அடைப்பு எங்க இருக்கெண்டு பாப்பம். கண்டுபிடிக்காம எதுக்கு ஊத்துறது?"

கம்பியை மீண்டும் விட்டீர். முட்டி நின்றதும், சிங்கின் வாயளவில் ஒரு சிவப்பு நூலைக் கம்பியில் கட்டச் சொன்னீர். அவர் கட்டினார். வெளியே இழுத்தெடுத்து, குழாய் போகிற வழியே பின்வளவில் நிலத்தில் நீட்டி வைத்தீர்கள். நுனி போய் நின்ற இடம் புதிய குளியலறைச் சுவரின் கால். அவர் நிமிர்ந்து உம்மைப் பார்த்தார். "இங்கதான் அவங்கட புதுக்குழாய உங்கட குழாயில சேத்திருக்கிறாங்க" என்றார். அலவாங்கு எடுத்துக் கிண்டியவர் அவர். மண் அள்ளினது நீர். முக்கால் மணித்தியாலத்தில் பொருத்து தெரிந்தது. வாளால் அறுத்துப் பிரித்தபோது, குழாயின் உள்வடிவிலேயே இறுகிய ஒரு சாம்பல்நிறக் கட்டி கிடந்தது. பேக்கரிப் பணிஸ் அளவு. தரைக்கு மாபிள் பதிக்க வந்தவர்கள் சீமெந்துச் சட்டியை அங்கேயே கழுவி ஊற்றியிருக்கிறார்கள்.

நீர் அதைக் கழுவினீர், துடைத்தீர், கொண்டுபோய் வீட்டுக்காரரின் விறாந்தை மேசையில், அவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பருக்குமேல் வைத்தீர். நான் உமக்குப் பின்னால் வந்தேன். அந்த அளவுக்காவது வந்தேன்.

"ஐயா, இது எங்கட எண்ணெய் இல்லை. இது உங்கட சீமெந்து. இதைக் கரைக்க ஒரு போத்தல் காணாது, பத்துப் போத்தல் ஊத்தியிருப்பீங்கள். அவ்வளவும் கிணத்தடிக்குத்தான் போயிருக்கும்."

அவர் அந்தக் கட்டியைப் பார்த்தார். பிறகு அதைப்பற்றி ஒன்றும் கதைக்காமல், "உங்கட கூட்டாளிக்கே ஆட்சேபனை இல்லையாம். நேற்று வந்து சொன்னவ. நீங்கள்தான் குழப்பம்" என்றார்.

 நீர் திரும்பி என்னைப் பார்ப்பீர் என்று காத்திருந்தேன். நீர் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு சொன்னீர்: "அவ பயத்தில சொன்னது ஐயா. நான் அவவுக்கும் சேர்த்துத்தான் கதைக்கிறன்."

உள்ளேயிருந்து அவரின் மனைவி வந்து கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தா. "நாங்களும் அந்தக் கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறம்" என்று கணவரிடம் சொன்னா. அவ்வளவுதான். அன்று பின்னேரமே அதே கிண்ணியா மனிதரைக் கொண்டு குழாயை மாற்றினார்கள். அன்று நமது பார்சல் இரண்டு மணிக்குத்தான் போனது. துறைமுக வாசலில் பசியோடு நின்றவர்கள் நம்மைத் திட்டினார்கள். அதற்கும் நீர் பதிலுக்குத் திட்டினீர்.

"அவர் ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கேல்ல" என்று அன்று பாத்திரம் கழுவும்போது நான் சொன்னேன். உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அதைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

"குழாய் மாத்தித் தந்தவர்தானே" என்றீர். "மன்னிப்பை வைச்சுப் பாத்திரம் கழுவ ஏலாது."

பிறகு என் பக்கம் ஒரு சட்டியைத் தள்ளிவிட்டீர். "தேய்ச்சுத் தாரும்." அதோடு அந்தக் கதை முடிந்தது. அடுத்து வந்த மூன்று வருடத்தில் ஒருதரம்கூட அதை எடுத்து என்னைக் குத்தவில்லை. சண்டை போடும்போதுகூட. நமக்குள் எத்தனை சண்டை. உம்மை அமைதியானவர் என்று சொன்னவர்கள் உம்மிடம் இருந்த அந்த ஒரு அமைதியை அறியாமலே சொன்னார்கள்.

உம்முடைய சாவு இந்தக் கதையோடு சம்பந்தமில்லாதது. ஒரு சனிக்கிழமை காலை பஸ்சுக்குள் நெஞ்சு நோகிறது என்றீராம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு, ஏன் இன்னும் காணவில்லை என்று உம்மை ஏசிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தபோதும் கையில் கத்தி இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இன்னும் போகவில்லை. போகத் தேவையுமில்லை.

எல்லோரும் சொன்னார்கள், இனிச் சமையலை விட்டுவிடு என்று. தம்பி நீர்கொழும்புக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னான். கோயிலில் ஒருவர், ஒரு பொம்பிளை தனியாக இதையெல்லாம் இழுக்க ஏலாது என்று பரிவாகச் சொன்னார். நான் நாலாம் நாளே அடுப்பை மூட்டினேன்.

இனி நேற்றைய கதை. நமது வீட்டுக்காரர் இப்போது மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். வளவைப் பார்ப்பது அவருடைய தங்கச்சியின் மகன், வசதியான, மரியாதையான இளம் மனிதர். மணம் தன் வீட்டுக்கும் வந்ததாம். நான் சிங்குக்குக் கீழே நிலத்தில் இருந்து, கால்களுக்கு நடுவில் வாளியை வைத்துக்கொண்டு முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தேன். அது இறுகிப்போய் வரமாட்டேன் என்றது. அந்த நேரம் வாசலில் வந்து நின்றார். கையில் போத்தல்.

"அன்ரி, ஏன் கஷ்டப்படுறீங்கள்? இதை ஊத்தினா அஞ்சு நிமிசம்."

"வேணாம் தம்பி. இஞ்ச அது ஊத்துறேல்ல."

"மாமா சொன்னவர். உங்களோட இருந்தவதானே விடாம நிண்டவ." பிறகு மெல்ல, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "இப்ப அவ இல்லைத்தானே, அன்ரி."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் ஒன்பது மாதமாக எனக்குள் கிடந்தது எல்லாம் அந்த ஒரு வசனத்தில் எழும்பி வந்தது. எதிர்த்து நின்ற ஆள் போய்விட்டால் எதிர்ப்பும் போய்விட்டது என்று எவ்வளவு இலகுவாக நினைக்கிறார்கள்.

"அவ இல்லை. நான் இருக்கிறன்" என்றேன்.

"இல்ல அன்ரி, நான் என்ன சொல்லுறனெண்டா..."

"எங்கட சிங்கில அசிட் ஊத்த ஏலாது. கிணறு பக்கத்தில இருக்கு. நாலு வருசத்துக்கு முதல் அடைச்சது உங்கட மாமாவின்ர சீமெந்து. அதையும் அவர் சொன்னவரோ?"

அவர் முகம் மாறியது. சொல்லவில்லை என்று தெரிந்தது. "வீடு எங்கட, அன்ரி" என்றார், இப்போது கொஞ்சம் விறைப்பாக.

"வீடு உங்கட. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. கிணறு மூண்டு வீட்டின்ர. நாளைக்குக் காலமை வந்து பாருங்கோ. தண்ணி போகாட்டி அப்ப கதைப்பம். போத்தலைப் படலைக்கு வெளியால கொண்டுபோய் வையுங்கோ."

என் குரல் நடுங்கியது. உம்முடைய உப்புக் கேட்கிற குரல் எனக்கு வரவில்லை.  ஆனால் சொன்ன சொல் எல்லாம் முழுதாக வெளியே வந்தது. அவர் போத்தலோடு திரும்பிப் போனார்.

முடிச்சைத் துணி சுற்றிப் பிடித்துத் திருகினேன். திறந்தது, பாதி என் மடியில் கொட்டியது. கொழுப்பு, செதில், சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய தாளின் ஒரு துண்டு. அந்தத் தாள் என் கவனக்குறைவு. ஒத்துக்கொள்கிறேன். கம்பியை விட்டேன். இரண்டாம் முறை சுழற்றும்போது உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு வாளி ஊற்றினேன். சுழித்துக்கொண்டு, பெரிய தொண்டைச் சத்தத்தோடு, எல்லாம் கீழே போனது. நான் அழுதேன், உண்மைதான். அழுதுகொண்டே அரிசி களைந்தேன். நேற்றுப் பார்சல் நேரத்துக்குப் போனது.

இன்று காலை அவர் வெறுங்கையோடு வந்தார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் போவதைக் குனிந்து பார்த்தார். "சரி, அன்ரி" என்றார். குழாயை மூடிவிட்டு, "மாமாட்ட அந்தச் சீமெந்துக் கதையைக் கேக்கிறன்" என்றார். கேட்கட்டும்.

அவர் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். இந்த வளவுக்கு வந்த நாளிலிருந்து, வீட்டுக்காரர் பக்கத்தில் யார் வந்தாலும் நான் எழும்பி நிற்கிறவள். மா குழைத்த கையோடும் எழும்புவேன், காய்ச்சலிலும் எழும்புவேன். இன்று அவர் வந்து, பார்த்து, கதைத்து, போகும்வரைக்கும் பலகையில் இருந்தபடியே பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. எழும்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. இனி யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எனக்கில்லை.